கடைசித் தண்ணியில் புளிப்பு

சலவைத் தொழில் சங்கத்து மலரில் என் நாத்தனாரைப் பற்றி ஒரு பக்கம் போட வேண்டுமாம். குழுவிலிருந்து ஆட்கள் வந்து, "நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று அவர்களே எழுதிக் கொண்டுவந்த ஒரு தாளை நீட்டினார்கள். "கடின உழைப்பாளி, இன்முகம் கொண்டவர், அன்பின் வடிவம்" என்று போட்டிருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷிக்கு இரங்கல் செய்தி எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடின உழைப்பாளி என்பது சரி. இன்முகமா? அவள் முறைத்தால் பெட்ஷீட்டில் இருக்கிற கறை தானாக இறங்கிப் போய்விடும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத வருமா என்று அவர்கள் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்ததுமே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தொட்டியும் இரண்டு கையுமாக ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு இந்த நகரத்தில் யாருக்கு வயிற்றைக் கிழித்தாலும், குழந்தை பிறந்தாலும், உயிர் போனாலும், கீழே விரித்திருப்பது என் மெஷினில் சுற்றிவந்த விரிப்புதான். பிழைத்தவர்கள் டாக்டருக்குப் பழம் வாங்கிக் கொடுக்கிறார்கள். விரிப்பைத் துவைத்தது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தவளுக்கு ஒரு பக்கம் எழுத வராதா?

எழுதுவதற்கு முன்னால் நாத்தனாரை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உன்னோட கீழ் சமாச்சாரத்தையும் சேர்த்துத்தான் எழுதப்போறேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கிவச்சுக்காதே."

"எழுதுங்க அண்ணி. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதானே. எனக்கு மட்டும் என்ன தனியா ஆர்டர் கொடுத்தா செஞ்சாங்க?"

"சங்கத்து ஆம்பளைங்கள்லாம் படிப்பாங்கடி."

"படிக்கட்டும். எல்லாரும் அந்த வழியா வந்தவனுங்கதானே."

அனுமதி வாங்கியாயிற்று.

அவள் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. நான் மருமகளாக வந்தபோது பாவாடையோடு சுற்றிக்கொண்டிருந்தாள். வந்த முதல் நாளே என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து முகர்ந்து பார்த்து, "அண்ணி, இது சரியா அலசலை, இது நிழல்ல காஞ்சது" என்று தரம் பிரித்து வைத்தாள். நாத்தனார் கொடுமை என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்படி ஒரு வகை இருப்பது தெரியாது. ஆனால் அந்த மூக்கைப் பார்த்ததும் என் புத்தி வேலை செய்துவிட்டது. தொட்டி வாங்கினவுடன் அவளைத்தான் முதலில் சேர்த்துக்கொண்டேன். ஆளைப் பார்த்ததும் எதற்கு ஆவாள் என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் சலவைக் கூடத்தில் அவளுக்கு ப்ளீச்சு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் கேட்டுவிட்டு, முன்னாலேயே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அதுதான்.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர். சுவருக்குள் மெஷின்கள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ரத்தமும் சீழுமாக வருகிற மூட்டைகள் ஒரு பக்கம் உள்ளே போகும், துவைத்த துணி மறுபக்கம் வெளியே வரும். இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் குளித்து உடுப்பு மாற்றாமல் சுத்தப் பக்கத்தில் கால் வைக்க முடியாது. சுவர் கட்டியது நான். அதைக் கோட்டையாக்கியது ப்ளீச்சு. அவள் சுத்தப் பக்கத்துக்குப் பொறுப்பு. அழுக்குப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரில் இருக்கிற கண்ணாடி வழியாகக் கையை ஆட்டித்தான் சொல்வாள். அந்தப் பக்கம் அவள் போனதே கிடையாது.

கறை போகாமல் திரும்பி வருகிற மூட்டைக்கு அவளிடம் ஒரே சட்டம்தான். மருந்தைக் கூட்டு, மறுபடி போடு. மறுபடியும் வந்ததா, இன்னும் கூட்டு. கறை தோற்கிற வரைக்கும் அவள் விடமாட்டாள். அந்தச் சட்டத்தால்தான் எங்களுக்குப் பெயர் வந்தது. கொஞ்சம் பெட்ஷீட்டுகள் நைந்து போயின, இல்லையென்று சொல்லவில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். என் வேன் டிரைவரையே கட்டிவைத்தேன். வேன் ஓட்ட ஆளும் ஆயிற்று, வீட்டுக்கு மாப்பிள்ளையும் ஆயிற்று. அவருக்கு ஹாரன் என்று பெயர். காலித் தெருவில்கூட ஹாரன் அடித்துக்கொண்டு போகிற மனிதர். ஏன் தம்பி என்று கேட்டால், "நான் வர்றது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமாக்கா?" என்பார். ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் துணி கொண்டுபோய் இறக்குவது, அழுக்கை ஏற்றிவருவது அவர் வேலை. வீட்டுக்குப் போனால் ப்ளீச்சு வாசலிலேயே நிறுத்திவைத்து, காலுக்கும் கைக்கும் மருந்துத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவாள். முதலிரவிலும் அப்படித்தானாம். மனிதர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். "என்னை மாதிரி சுத்தமான புருஷன் இந்த ஊர்ல கிடையாது. கிருமிநாசினி போட்டவன் நான்."

பல வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்பதைத் தாண்டின பிறகுதான் ப்ளீச்சு ஒரு மாதிரி ஆனாள். நடை மாறியது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முகர்ந்து பார்க்கிற பழக்கம் முன்னைவிட மோசமாயிற்று. துணி முகர்வாள், காற்றை முகர்வாள், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு தன் உடுப்பைத் தூக்கி முகர்வாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு? எறும்பு புத்துல உட்கார்ந்தவ மாதிரி நெளியுறே."

"ஒண்ணுமில்ல அண்ணி. கீழ கொஞ்சம் அரிப்பு. வெள்ளையா ஏதோ கசியுது. ஒரு மாதிரி கவிச்சி வாடை."

"டாக்டர்கிட்ட காட்டு."

"டாக்டர் எதுக்கு? அழுக்குதானே. எனக்குத் தெரியாத அழுக்கா?"

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறாளாம். கவுண்டரில் நாலு ஆண்கள் நிற்கும்போது எப்படிக் கேட்பது? "வீட்ல ஒருத்தங்களுக்கு" என்று கேட்பாளாம். கடைக்காரரும் யாருக்கோ என்று எதையோ கொடுப்பார். நாலு நாள் அடங்கும், பிறகு திரும்பி வரும். திரும்பி வந்த மூட்டைக்கு என்ன சட்டம்? மருந்தைக் கூட்டு. அவள் அந்தச் சட்டத்தைத் தன் உடம்புக்கே போட்டுக்கொண்டாள். தினமும் காலையில், பிறகு மாலையிலும், ஆபரேஷன் அறைத் துணிக்குப் போடுகிற கிருமி மருந்தைத் தண்ணீரில் கலந்து, உள்ளே வரைக்கும் பீய்ச்சிக் கழுவியிருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. வேறு எந்தத் தொழிலில் இருக்கிற பொம்பளைக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய யோசனையும் வந்திருக்காது, சரக்கும் கிடைத்திருக்காது.

கழுவக் கழுவ வாடை கூடியது. வாடை கூடக் கூட அவள் கழுவினாள். இவ்வளவு கழுவியும் அழுக்கு வருகிறது என்றால், வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கணக்குப் போட்டாள். அவள் உடம்புப் பக்கம் வந்து போகிற ஆள் ஒருத்தர்தான். அந்த ஆள் தினமும் லாட்ஜ் லாட்ஜாகப் போய் வருகிறார்.

அங்கே ஆரம்பித்தது வினை. ஹாரனுடைய சட்டைக் காலரை முகர்ந்தாள். பாக்கெட்டை முகர்ந்தாள். வேனுக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். லாட்ஜ் துணி ஏற்றுகிற வேனில் வேறு வாசனையே வராதா? தலையணை உறையில் ஏதோ ஒரு பெண்ணின் முடி கிடந்தது. லாட்ஜ் தலையணை உறையில் முடி கிடக்காமல் மூக்குத்தியா கிடக்கும்? அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாரு?" என்று கேட்டாளாம்.

"எனக்கு எப்படித் தெரியும்? ரூமுக்கு வந்தவங்க முடி."

"நீங்களும் ரூமுக்கு வந்தவர்தானே."

"நான் துணி எடுக்கப் போனவன்டி."

"துணியை யார் எடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலமே அவருடைய துணிமணியைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள். மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மூட்டை அறையில் படுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். சுத்தப் பக்கத்து அறையில் இரண்டு மூட்டையைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். மறுநாள் காலை ப்ளீச்சு வந்து பார்த்துவிட்டு என் அறைக்கதவைத் தட்டினாள்.

"அந்த ஆளை எங்க வேணாலும் படுக்க வைங்க அண்ணி. என் பக்கம் வேண்டாம்."

அதனால் ஹாரன் அழுக்குப் பக்கம் போனார். சீழும் ரத்தமுமாகத் துணி வந்து இறங்குகிற இடத்தில், சுவரோரம் ஒரு பலகையைப் போட்டுப் படுத்துக்கொண்டார். கண்ணாடி வழியாக அவள் அவரைப் பார்ப்பாள். அவர் கையை ஆட்டுவார். அவள் திரும்பிக்கொள்வாள். வேன் மட்டும் வழக்கம்போலப் போய் வந்தது, ஆனால் ஹாரன் சத்தம் நின்றுபோயிற்று. தெருக்காரர்கள் வந்து, வண்டி ரிப்பேரா என்று கேட்டார்கள்.

நான் இதில் தலையிடவில்லை. இரண்டு பேரும் என் ஆட்கள். யாரைக் கண்டித்தாலும் ஒரு பக்கம் வேலை நின்றுவிடும். தொழில் நடத்தத் தெரிந்தவளுக்கு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

பிறகு ஒரு நாள் ப்ளீச்சு மடிப்பு மேஜைமேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். தொட்டால் அனல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மடித்த துணிமேல் விழுந்துவிட்டோமே என்று அந்த நிலையிலும், "இந்த அடுக்கை மறுபடி போடுங்க" என்று சொன்னாள். அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் போனேன். பொம்பளைங்க நோய்க்குத் தனியாகப் படித்தவர். அவருடைய கிளினிக் துணியும் நம்மிடம்தான். அதனால் காத்திருக்க வைக்கமாட்டார்கள்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கண்ணாடியில் தடவினார். வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளா இப்படி அடிக்கடி வருது?"

"அது போனாத்தானே டாக்டர் வர்றதுக்கு."

"உள்ள எதை வச்சுக் கழுவுறீங்க?"

ப்ளீச்சு காய்ச்சலிலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியை இத்தனை நாளாக ஒருத்தரும் கேட்கவில்லையே என்கிற மாதிரி முகம். மருந்தின் பெயரைச் சொன்னாள். ஆபரேஷன் அறைத் துணிக்குப் போடுகிற தரம் என்று சொன்னாள். மற்றவர்களைப் போலக் கடைச் சோப்பு கிடையாது என்று சொன்னாள். எனக்கும் அப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் நம் சரக்கை விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஒரு கிருமி மிஞ்சாது டாக்டரம்மா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதாம்மா வம்பு. ஒண்ணுமே மிஞ்சல."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் என் மொழியில் எழுதுகிறேன். டாக்டர் மொழியில் எழுதினால் சங்கத்துக்காரர்கள் தூங்கிவிடுவார்கள். பொம்பளை உடம்பில் அந்த இடத்தில் நல்ல கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கின்றனவாம். பாலைப் புளிக்க வைக்கிற கிருமி இருக்கிறதே, அந்தக் குடும்பம். உள்தோலில் இருக்கிற ஒரு வகை இனிப்பைத் தின்றுவிட்டுப் புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தலையெடுக்காது. அது போதாதென்று, உள்தோலே கிருமியைக் கொல்லுகிற சரக்கைச் சொந்தமாகத் தயாரித்துச் சுரந்துகொண்டிருக்கிறது. கண்ணீரில், எச்சிலில் இருக்கிற அதே வகைக் காவல். அதற்கும் மேலே, கருப்பை வாயில் கெட்டியாக ஒரு சளி, பூட்டின கதவு மாதிரி. தினமும் லேசாகக் கசிகிறதே, அது அழுக்கு இல்லை. வேண்டாததை வழித்துக்கொண்டு தானாக வெளியே வருகிற தண்ணீர்.

எனக்கு முதலாளி மூளை. கேட்டதும் புரிந்துவிட்டது. கடவுள் ஆள் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான். கூட்டுகிறவன், காவல்காரன், கதவு பார்க்கிறவன், எல்லாம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சங்கம் வைத்துக் கொடி பிடிப்பதும் கிடையாது. இவள் தினமும் காலையில் அத்தனை பேரையும் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறாள். சாயங்காலம் மிஞ்சினவனையும் தூக்கியிருக்கிறாள். இதை அங்கேயே அவளிடம் சொல்லியும்விட்டேன்.

"காலி வீட்ல கண்டதும் நுழைஞ்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. "இப்ப கதவையும் தாண்டி மேல கருப்பை வரைக்கும் ஏறியிருக்கு. அதான் வலி, காய்ச்சல்."

"அப்ப அந்த வாடை?" என்று கேட்டாள் ப்ளீச்சு.

"நுழைஞ்சதோட வாடை."

"அதுக்குத்தானே கழுவினேன்."

"கழுவினதாலதானே நுழைஞ்சுது."

ப்ளீச்சு மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"நுழைஞ்சது இருக்கட்டும் டாக்டர். கொண்டாந்து விட்டது யாரு? அதைச் சொல்லுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன். புருஷன் மூலமாகத் தொற்றுகிற நோய்கள் வேறு, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு, இரண்டு பேருக்கும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இப்போதைக்கு ஊசி, மாத்திரை, ஓய்வு. கழுவுவது வெளியே மட்டும், வெறும் தண்ணீர். உள்ளே ஒன்றும் போகக் கூடாது.

"வெறும் தண்ணியா?" என்று கேட்டாள். தன்னை யாரோ கேவலமாகத் திட்டிவிட்ட மாதிரி இருந்தது அவள் குரல்.

காரில் வரும்போது மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். எனக்கு அவள் நிலைமை நன்றாகப் புரிந்தது. புருஷன் தப்பு செய்திருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. ஆனால் அவர்மேல் தப்பு இல்லையென்றால், தப்பு மருந்தின்மேல் போகும். அந்த மருந்தை நம்பித்தான் அவள் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தாள். புருஷனா, புட்டியா? இரண்டில் ஒன்றைத் துரத்தியாக வேண்டும். புருஷனைத் துரத்துவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பெட்டியை ஏற்கெனவே வெளியே வைத்தாயிற்று.

ஹாரனும் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "இத்தனை வருஷம் மருந்துல குளிச்சவன்கா நான். லேபுக்காரன் என்னைப் பார்த்துப் பயந்துட்டான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சரியாக வரவில்லை.

முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. நானே கொண்டுபோய் ப்ளீச்சு கையில் கொடுத்தேன். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"லேப்ல சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க அண்ணி."

"ஏன்டி, உனக்குப் பிடிச்ச மாதிரி வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி போடணுமா?"

"அந்த ஆளு சுத்தம்னா நான்தான் அழுக்கா?"

"யாரும் அழுக்கில்லைன்னுதானே எழுதியிருக்கு."

"யாரும் அழுக்கில்லாம இந்த வாடை எங்கிருந்து வந்துச்சு?"

இப்படி வாதாடுகிறவளிடம் என்ன பேசுவது? மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். காய்ச்சல் இறங்கியது, வலி குறைந்தது. வேலைக்கும் வந்துவிட்டாள். ஆனால் குளியலறை அலமாரியில் புட்டி அப்படியே இருந்தது. கை தானாக அதன் பக்கம் போகிறது என்று அவளே சொன்னாள். "நாள் முழுக்க ஊரான் பெட்ஷீட்டுக்கெல்லாம் மருந்து போடுறேன். நான் மட்டும் வெறும் தண்ணியில எழுந்து வர்றேன். உடம்பெல்லாம் கூசுது அண்ணி." இன்னும் ஒரு வாரம் போனால் ஆரம்பித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஹாரன் பலகையில் புரண்டுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். எந்தத் துணியானாலும் எங்களிடம் கடைசித் தண்ணீரில் ஒரு சரக்கு விழும். புளிப்பு என்றுதான் சொல்வோம். அழுக்கை எடுக்கப் போடுவதெல்லாம் காரம். கிருமியைக் கொல்லப் போடுவதும் காரம். அந்தக் காரம் துணியில் தங்கிவிட்டால் துணி மஞ்சளாகும், அதன்மேல் படுக்கிற நோயாளிக்குத் தோல் உரியும். அதனால் கடைசியில் கொஞ்சம் புளிப்பை விட்டுக் காரத்தை அடக்கித்தான் வெளியே எடுப்போம். புளிப்பு விழுந்ததா இல்லையா என்று ப்ளீச்சுக்கு மெஷின் சொல்ல வேண்டியதில்லை. ஈரத் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பாள். வழுவழுப்பு இருந்தால் புளிப்பு விழவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்குப் புளிப்பு டிரம் காலியாகிக் குழாய் காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மெஷின்காரர் கவனிக்காமல் துணியை வெளியே எடுத்துவிட்டார். ப்ளீச்சு ஒரு ஓரத்தைப் பிடித்துத் தேய்த்தாள். கூடமே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். நான் என் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

"என்னய்யா எடுத்துவச்சிருக்கே? புளிப்பு எங்க?"

"கறை ஒண்ணும் இல்லியேக்கா. பளிச்சுன்னுதானே இருக்கு."

"பளிச்சுன்னு இருந்தா ஆச்சா? இதுல ஒரு பச்சைப் புள்ளையைப் படுக்க வச்சா அதோட முதுகு என்னத்துக்கு ஆகும்? கிருமியைக் கொன்னுட்டா வேலை முடிஞ்சிருச்சா? தோலுக்குன்னு ஒரு புளிப்பு இருக்குய்யா. அதை நீ காரத்தைப் போட்டு எடுத்துட்டியானா அப்புறம் அது எதை வச்சுத் தன்னைக் காப்பாத்திக்கும்? எத்தனை தடவை..."

அதோடு நின்றுவிட்டாள். மெஷின்காரர் மிச்சத் திட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவள் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வழுவழுப்பு அவளுக்குத் துணியில் மட்டும் பழக்கமானதா? தினமும் காலையும் மாலையும் குளியலறையில் அவள் கைக்குத் தட்டுப்பட்ட வழுவழுப்பும் அதுதானே. மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் திருப்திப்பட்டிருக்கிறாள்.

என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, கடைசித் தண்ணியில புளிப்பு விடாமயே என்னை வெளிய எடுத்துட்டு இருந்திருக்கேன்."

"விடாததோட இல்ல. இருந்த புளிப்பையும் எடுத்துட்டே."

"ரெண்டு வருஷமா."

"இப்பவாவது உறைச்சுதே."

டாக்டரம்மா சொன்னது அதேதான். என்ன செய்வது, சிலருக்கு அவரவர் தொழிலில் வந்து சொன்னால்தான் ஏறும். எனக்குக் கேட்டவுடனேயே ஏறிவிட்டது என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்துக் கூடத்தில் எல்லா மெஷின்காரர்களும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். சுவரோரக் கதவைத் திறந்துகொண்டு அழுக்குப் பக்கம் போனாள். அந்தப் பக்கத்து ஆட்கள், யாரோ செத்துவிட்டார்கள் போல என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு அருகில் போய் நின்றேன். அவள் போன கதவும் திறந்துதான் கிடந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கட்டடம் என்னுடையது.

ஹாரன் பலகையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்க ஏன் வந்தே? உனக்கு ஆகாதே."

"வீட்டுக்கு வாங்க."

"ரிப்போர்ட்டை நம்பிட்டியா?"

"ரிப்போர்ட்டை விடுங்க. என் விரலை நம்பிட்டேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஊசியைச் செருப்பில் குத்தி வைத்தார்.

"சந்தேகப்பட்டியே, அதுகூடப் பரவாயில்ல. லாட்ஜ் லாட்ஜாப் போறவன், யாருக்கும் வரத்தான் செய்யும். ஆனா கொண்டாந்து அழுக்குப் பக்கம் போட்டுட்டியேடி. நான் என்ன, கறை போகாம திரும்பி வந்த மூட்டையா?"

அவள் தரையைப் பார்த்தாள். அங்கே தரையில் பார்க்கக் கூடாதது நிறையக் கிடந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கறையே இல்லாத மூட்டை. நான்தான் சரியாப் பார்க்காம ஒதுக்கிட்டேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. இதுதான் அவள் கணக்கில் மன்னிப்பு. மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதாது. நான் அவராக இருந்தால் இன்னும் ஒரு மாதம் அந்தப் பலகையைக் காட்டிக் காட்டிப் பேசியிருப்பேன்.

அவர் பெட்டியை எடுத்தார். இரண்டு பேரும் சுவரோரக் கதவுக்கு வந்தார்கள். சட்டப்படி அங்கே குளித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். சட்டம் போட்டவளே முதலில் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"எனக்கு மருந்துத் தண்ணி?"

"வேண்டாம். வெறும் தண்ணி ஊத்திட்டு வாங்க."

"நிஜமாவா?"

"உங்களுக்கும் ஆள் போட்டிருக்கும். என்னாலதான் வேலை பார்க்க முடியாமக் கிடந்திருக்கும்."

அன்று சாயங்காலம் வேன் வாசலைத் தாண்டும்போது, தெருவே காலியாகக் கிடந்தும், ஹாரன் அடித்துக்கொண்டே போனார். முனை திரும்புகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

வாடை போய் நாளாயிற்று. உடனே போகவில்லை. தூக்கின ஆட்களெல்லாம் திரும்பி வந்து சேரக் கொஞ்ச காலம் ஆகுமல்லவா? நடுவில் ஒரு தடவை அரிப்பு வந்தது. புட்டியைத் தேடாமல் டாக்டரம்மாவிடம் தானாகப் போய் வந்தாள். மருந்துக் கடையிலும் இப்போது, "எனக்குத்தான்" என்று சத்தமாகச் சொல்கிறாளாம். கவுண்டரில் நிற்கிற ஆண்கள்தான் சுவரைப் பார்க்கிறார்களாம்.

சுத்தப் பக்கத்தில் வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு மடிப்பு சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அவள் இதைச் சொல்கிறாள். போன வாரம் நான் வாசலில் நின்றுகொண்டு கேட்டேன்.

"வெளிய வெறும் தண்ணி போதும். உள்ள கை வைக்காதீங்க. வாடையோ வலியோ இருந்தா டாக்டரைப் பாருங்க, மருந்துக் கடையில போய் முணுமுணுக்காதீங்க. அங்க வேலைக்கு ஆள் போட்டிருக்கு. நம்ம முதலாளியம்மா மாதிரி இருக்கிற ஆளையெல்லாம் தூக்கிட்டு, அப்புறம் வேலை நடக்கலைன்னு கத்தாதீங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ப்ளீச்சு திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அதே பேச்சைத் தொடர்ந்தாள்.

நான் யாரையும் காரணமில்லாமல் தூக்கினதில்லை. அதையும் சங்கத்து மலரில் சேர்த்துப் போட்டுவிட வேண்டும்.